பட்டறைச் சூட்டைக் குறைக்க எது சரி: கூரை வேலையா, எக்ஸாஸ்டா, கூலரா, ஏசியா?

வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்டையோ பின்பக்கத் தகரக் கொட்டகையையோ பட்டறையாக வைத்திருப்பவர்கள் கோடை வந்ததும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஒரு டன் ஏசி போதுமா, ஒன்றரை டன் போடணுமா?” இதற்கு எடுத்த எடுப்பிலேயே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் கேட்டவரின் பணம் வீணாகும் வாய்ப்பே அதிகம். மேலே மெல்லிய தகரம், முன்னால் பெரிய ஷட்டர், உள்ளே சூடு கக்கும் மெஷின்கள், காற்றெல்லாம் தூசி என்று இருக்கும் இடத்தில் படுக்கையறைக் கணக்கு செல்லாது. ஏசி பற்றிய முடிவு கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

## முதலில் எதை வைத்து முடிவெடுப்பது

எதைக் குளிர்விக்கப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஆளையா, அறையையா, பொருளையா? விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவருக்கு உடம்பில் காற்றுப் பட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். நாள் முழுக்க உள்ளே இருப்பவருக்கு அறையே குளிர வேண்டும். பசை, பெயின்ட், லித்தியம் பேட்டரி, ஸ்ப்ரே டப்பா போன்றவை நீங்கள் இல்லாதபோதும் உள்ளேயே கிடந்து வேகின்றன. ஸ்ப்ரே டப்பாவை 50 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இந்தப் பொருள்களுக்கு ஒரு பயனும் இல்லை.

அடுத்தது, சூடு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே நின்று உள்ளங்கையைக் கூரையை நோக்கி விரித்துப் பிடியுங்கள். பிறகு மேற்குச் சுவரை நோக்கி, பிறகு ஷட்டரை நோக்கி. அடுப்புக்கு முன் நிற்பதுபோல் எங்கே கை காய்கிறதோ அங்கேதான் வேலை தொடங்க வேண்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பளபளப்பான தகரத்தில் நேராகக் காட்டினால் அது உண்மையைவிட மிகக் குறைவாகவே காட்டும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பைத் தகரத்தில் அழுத்தி ஒட்டி, சில நிமிடம் கழித்து அந்த டேப்பின் மேல் காட்டி அளவெடுங்கள்.

மூன்றாவது, வெளிக்காற்றின் ஈரப்பதம். ஏர் கூலர் உங்களுக்கு உதவுமா என்பதை இது ஒன்றே தீர்மானித்துவிடும். நான்காவது, செய்யும் வேலை: தீப்பொறி பறக்குமா, தின்னர் வாடை வருமா, மரத்தூள் பறக்குமா, ஷட்டரைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய முடியுமா? வாங்கும் விலை, மின்கட்டணம், பராமரிப்பு, இடம் சொந்தமா வாடகையா என்பவையெல்லாம் இவற்றுக்குப் பிறகு.

## கூரை: செலவு ஒரு முறை, பலன் எல்லா நேரமும்

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1000 வாட். நிறம் மங்கிய தகரம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சி 65 டிகிரி வரையும் அதற்கு மேலும் எளிதாகச் சூடேறும். 20 சதுர மீட்டர் தகரக் கூரை 65 டிகிரியில் இருக்கிறது, அறையை 30 டிகிரியில் வைக்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூரை மட்டுமே தோராயமாக 4 முதல் 5 கிலோவாட் வெப்பத்தைக் கீழே இறக்கும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியது 3.5 கிலோவாட்தான். அதாவது சுவர், ஷட்டர், மெஷின், ஆள் எதையும் சேர்க்காமலே, ஒரு டன் ஏசி முழு மூச்சாக ஓடியும் கூரையின் சூட்டைக்கூட ஈடுகட்ட முடியாது.

இதே கூரைக்கு அடியில் 50 மில்லிமீட்டர் ராக்வுல் (பாறையை உருக்கி நாராக்கிய விரிப்பு) கொடுத்தால் இறங்கும் வெப்பம் சுமார் அரை கிலோவாட்டாகச் சுருங்கும். வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட் மட்டும் அடித்துத் தகரத்தின் சூட்டை 45 டிகிரிக்குக் கொண்டுவந்தாலே ஏறக்குறைய 2 கிலோவாட்டாகும். இவை தோராயக் கணக்குகள்தாம். ஆனாலும் எந்த மெஷினை வாங்குவதற்கும் முன்னால் கூரையைத் தொட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்த எண்களே காரணம்.

கூரை வேலையில் மூன்று வழிகள் உண்டு.

வெள்ளைப் பூச்சுதான் மிக மலிவானது. புதிதாக அடித்த நல்ல பூச்சு வெயிலில் 80 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். தூசியும் பாசியும் படியப் படிய இது குறையும். ஆண்டுக்கு ஒரு முறை கழுவ வேண்டும், சில ஆண்டுகளில் மறுபூச்சும் அடிக்க வேண்டும். இது பலரும் சேர்க்காமல் விடும் செலவு. ஏறி நின்று அடிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. சிமென்ட் ஷீட் ஆளின் எடையைத் தாங்காமல் திடீரென உடையும். சட்டங்களின் மேல் பலகை போட்டு அதன்மேல் மட்டுமே நடக்க வேண்டும். பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டாக இருந்தால் சுரண்டுவதோ தேய்ப்பதோ துளையிடுவதோ கூடவே கூடாது. அதன் நார்த்தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

இரண்டாவது ஃபாயில். அலுமினிய ஃபாயில் சூட்டைத் தடுப்பது அதன் பளபளப்பான முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான். தகரத்தோடு ஒட்டிவிட்டால் வெப்பம் நேரே கடந்து வந்துவிடும். இரண்டு சென்டிமீட்டராவது இடைவெளி விட்டு, பளபளப்பான பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறு கட்டினால் தூசி படியாமல் நெடுநாள் பலன் தரும். மலிவு, எடை இல்லை, ஒரு நாளில் முடியும்.

மூன்றாவது கனமான இன்சுலேஷன்: ராக்வுல், கண்ணாடி நார், தெர்மாகோல், பியு (பாலியூரித்தேன்) ஃபோம். பலன் இதில்தான் அதிகம். தேர்வு செய்யும்போது தீயை நினைக்க வேண்டும். வெல்டிங், கிரைண்டர் வேலை நடக்கும் இடத்தில் தெர்மாகோலையும் ஃபோமையும் திறந்தபடி விடுவது உயிரோடு விளையாடுவது. ஒரு பொறி போதும், தீ வேகமாகப் பரவி நச்சுப்புகை நிரம்பிவிடும். அங்கே ராக்வுல் மட்டுமே என் பரிந்துரை. அது எரியாது. ஆனால் நார் தோலை அரிக்கும், எலி கூடு கட்டும். எனவே கீழே மெல்லிய ஷீட் போட்டு மூடும் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

கான்கிரீட் தளம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தகரம் வெயில் பட்டவுடன் காய்ந்து, வெயில் இறங்கியவுடன் ஆறிவிடும். கான்கிரீட் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு மாலையிலும் இரவிலும் கக்கும். தகரக் கொட்டகைக்காரர் மாலை ஆறு மணிக்குமேல் நிம்மதியாக வேலை பார்க்கலாம். கான்கிரீட் கூரைக்காரருக்கு விடிகாலைதான் நல்ல நேரம். கான்கிரீட்டில் இன்சுலேஷனை அடியில் கொடுப்பதைவிட மேல்பக்கம் கொடுப்பதே சிறந்தது, ஏனென்றால் தளம் சூட்டைச் சேமிப்பதையே அது தடுத்துவிடும்.

## நிழல்: ஷட்டருக்கும் மேற்குச் சுவருக்கும்

உருளும் ஷட்டரின் உட்பக்கம் எதையும் ஒட்ட முடியாது, சுருளும்போது சிக்கும். மேலே தூக்கும் கதவில் இன்சுலேஷன் பலகை பொருத்தலாம். ஆனால் கதவின் எடை கூடும், ஸ்பிரிங்கை மறுபடி சரிசெய்ய வேண்டிவரும். அந்த ஸ்பிரிங் இறுகி இருப்பது. தெரியாதவர் கை வைத்தால் கை போய்விடும். அதற்குரிய ஆளை அழையுங்கள்.

இந்தச் சிக்கல் எதுவும் இல்லாத வழி, வெயில் ஷட்டரைத் தொடும் முன்பே நிறுத்துவது. ஷட்டரிலிருந்து ஓர் அடி தள்ளி நிழல்வலை கட்டுங்கள், அல்லது முன்னால் சாய்ப்பு இறக்குங்கள். உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்று பொருள். வெளியே தடுப்பதற்கு ஈடாக அது ஆகாது. காற்றில் வலை கிழியும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் இதன் மறைமுகச் செலவு. வாடகை இடத்துக்கு இதைவிட நல்லது இல்லை. போகும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

## எக்ஸாஸ்ட்: சூட்டை வெளியே தள்ளுவது

எக்ஸாஸ்டால் அறையை வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக ஆக்க முடியாது. வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே அதற்குக் கீழே போகாது. ஆனால் மூடிய தகரக் கொட்டகை வெளியைவிடப் பல டிகிரி கூடுதலாக வேகும், அந்தக் கூடுதலை எடுப்பதுதான் இதன் வேலை. மணிக்கு 1000 கன மீட்டர் காற்றை உண்மையாகவே இழுக்கும் விசிறி இருந்தால், உள்ளே சேரும் ஒவ்வொரு கிலோவாட் வெப்பத்துக்கும் அறை வெளியைவிட 3 டிகிரி மட்டுமே கூடுதலாக இருக்கும். காற்றோட்டத்தை இரட்டித்தால் அது ஒன்றரை டிகிரியாகும்.

“உண்மையாகவே” என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. காற்று உள்ளே வர வழி விடாமல் எக்ஸாஸ்டை மட்டும் மாட்டிவிடுகிறார்கள். விசிறி இரைச்சலோடு சுற்றும், காற்று நகராது. வெளியேறும் துளை கூரைக்குக் கீழே மிக உயரத்தில் ஒரு சுவரில், நுழையும் துளை எதிர்ச்சுவரில் தரையை ஒட்டி, நிழல் விழும் பக்கத்தில் இருக்க வேண்டும். நுழைவு வெளியேற்றத்தைவிடப் பெரியதாக இருக்கட்டும். கொசுவலை அடித்தால் இன்னும் பெரிதாக.

வீட்டோடு ஒட்டிய ஷெட் என்றால் வீட்டுக்குள் போகும் கதவை மூடி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டின் குளிர்ந்த காற்றைத்தான் எக்ஸாஸ்ட் இழுத்து வெளியே கொட்டும். அதைவிட முக்கியம்: அதே இடத்தில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் பலமான எக்ஸாஸ்ட் அதன் புகையை உள்ளே திருப்பி இழுக்கக்கூடும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். பெயின்ட் ஸ்ப்ரே அடிக்கும் இடத்தில் சாதாரண மோட்டார் விசிறியும் கூடாது. மோட்டாரின் பொறி தின்னர் ஆவியைப் பற்ற வைக்கும்.

புகை, வாடை, தூசி வரும் எந்த வேலைக்கும் எக்ஸாஸ்ட் எப்படியும் தேவை என்பதால் அதற்கான செலவு கோடை முடிந்தாலும் வீணாகாது.

## விசிறி

விசிறி அறையைக் குளிர்விக்காது, ஆளைக் குளிர்விக்கும். தோலின் வெப்பம் 35 டிகிரியை ஒட்டியது. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் வியர்வை ஆவியாவதால் மட்டுமே பலன். 40 டிகிரியைத் தாண்டிய காற்றை முகத்தில் அடித்துக்கொள்வது கெடுதலாகவும் முடியும். மிகக் குறைந்த மின்சாரம், எங்கும் நகர்த்தலாம் என்பது இதன் பலம். மரத்தூளைக் கண்ணில் அடிக்கும் என்பது தெரிந்ததே. பலருக்குத் தெரியாதது, மிக் (MIG), டிக் (TIG) வெல்டிங்கில், உருகிய உலோகத்தைக் காற்றுப் படாமல் காக்கும் வாயுவை விசிறிக்காற்று கலைத்துவிட்டு வெல்டில் துளை துளையாக விழச் செய்யும். அந்த வேலையின்போது விசிறியை முதுகுப்பக்கம் தள்ளி, காற்று மேசைமேல் படாதபடி வையுங்கள்.

## ஏர் கூலர்: வறண்ட காற்றில் அருமை, ஈரக் காற்றில் தொல்லை

தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 0.67 யூனிட் (கிலோவாட் மணி) அளவு வெப்பம் போகும். மணிக்கு 5 லிட்டர் ஆவியாக்கும் கூலர், ஒரு டன் ஏசி வெளியேற்றும் அளவை நெருங்கிவிடுகிறது, அதுவும் அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரத்தில். கேட்க அற்புதம்தான். ஆனால் காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் தண்ணீர் ஆவியாக இடமே இல்லை.

வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் நல்ல கூலர் 26 டிகிரிக் காற்றைத் தரும். வெளியே 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 29, 30 டிகிரிக் காற்று வரும். எண்ணில் பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் அந்தக் காற்று ஈரத்தில் ஊறியது. வியர்வை காயாது, உடம்பெல்லாம் பிசுபிசுக்கும்.

பட்டறைக்காரருக்கு இதைவிடப் பெரிய கவலை துரு. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பு துருப்பிடிப்பது வேகமெடுக்கும். லேத்தின் படுகை, உளி, ரம்பத் தகடு, அளவுகோல் எல்லாவற்றிலும் ஒரு கோடையிலேயே பழுப்பு படியலாம். மரவேலையில் பலகை ஈரம் குடித்து உப்பும், காய்ந்தபின் இணைப்புகள் விலகும், வார்னிஷ் வெளுத்துப்போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே துல்லியமான கருவிகள் வைத்திருப்பவர்களுக்குக் கூலரை நான் பரிந்துரைப்பதில்லை. வெல்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஈரத்தரையும் ஈர உடம்பும் சேர்ந்தால் ஷாக் அடிக்கும் ஆபத்தும் கூடுகிறது.

வாகனம் கழுவுதல், ரிப்பேர், பொருள் கட்டுதல் போன்ற வேலைகளுக்கு, வறண்ட ஊரில், ஷட்டர் பாதி திறந்திருக்கும் இடத்தில் கூலரை மிஞ்ச எதுவும் இல்லை. கூலர் புதுக்காற்றை உள்ளே தள்ளும்போது பழைய காற்று வெளியேற வழி வேண்டும். மூடிய அறையில் கூலர் போட்டால் அரை மணியில் அறை நீராவிக்கூடம்தான். உப்புத் தண்ணீர் கூலரில் நனையும் மெத்தையை (பேட்) அடைக்கும், தேங்கிய தண்ணீரில் கொசு வளரும். வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டும்.

## ஏசி: தகுதியான அறைக்கு மட்டும்

ஈரப்பதத்தையும் சேர்த்துக் குறைப்பது ஏசி ஒன்றுதான். கருவி துருப்பிடிக்காது, பலகை உப்பாது, எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்யும் கை வியர்க்காது. ஆனால் கூரைக்கு இன்சுலேஷன், இடுக்கெல்லாம் அடைப்பு, மூடிய கதவு என்ற மூன்றும் இல்லாத இடத்தில் ஏசி போடுவது தெருவைக் குளிர்விப்பதற்குச் சமம். ஒரு டன் ஏசி முழு வேகத்தில் மணிக்கு ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கும். ஓட்டைக் கொட்டகையில் அது ஓய்வே எடுக்காது.

மரத்தூளும் கிரைண்டர் தூசியும் ஃபில்டரைத் தாண்டிக் காயிலில் படிந்து, ஈரத்தில் இறுகிவிடும். சர்வீஸ் செலவு வீட்டு ஏசியைவிடப் பல மடங்கு வரும். மூடிய அறையில் தின்னர், பெயின்ட் ஆவி தங்கிவிடும். ஏசிக்காக ஷட்டரை மூடிவிட்டு உள்ளே வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பது உயிரைப் பறிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. ஒரு நிமிடம்தானே என்றுகூடச் செய்யாதீர்கள்.

சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி வாடகை இடத்துக்கு ஏற்றதுபோலத் தெரியும். ஒற்றைக் குழாய் வகை, அறையின் குளிர்ந்த காற்றையே இழுத்துச் சூடாக்கி வெளியே தள்ளுகிறது. போன அளவு வெளிச்சூடு ஷட்டர் இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் இரட்டைக் குழாய் வகையைப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | தொடக்கச் செலவு | தொடர் செலவு | எங்கே பொருந்தும் | எங்கே ஆகாது |
|---|---|---|---|---|
| வெள்ளைப் பூச்சு | குறைவு | கழுவுதல், மறுபூச்சு | எல்லாக் கூரைக்கும் | சிதைந்த கல்நார் ஷீட் |
| ராக்வுல் | நடுத்தரம் முதல் அதிகம் | மிகக் குறைவு | சொந்த இடம், முழுநாள் வேலை | விரைவில் காலி செய்யும் இடம் |
| நிழல்வலை | மிகக் குறைவு | வலை மாற்றுதல் | மேற்கு வெயில் படும் ஷட்டர் | பலத்த காற்று அடிக்கும் திறந்தவெளி |
| எக்ஸாஸ்ட் | குறைவு | சிறு மின்கட்டணம் | புகை, வாடை, தூசி வேலை | ஏசி ஓடும் நேரம் |
| விசிறி | மிகக் குறைவு | மிகக் குறைவு | ஒருவர், சில மணி நேரம் | 40 டிகிரிக்கு மேல் |
| ஏர் கூலர் | குறைவு | தண்ணீர், பேட் | வறண்ட ஊர், திறந்த பட்டறை | ஈரக் காற்று, துல்லியக் கருவிகள் |
| ஏசி | அதிகம் | அதிகம் | மூடிய, இன்சுலேஷன் செய்த அறை | திறந்த ஷட்டர், பெயின்ட் வேலை |

## உங்கள் நிலைமைக்கு எது

வாடகை இடம், எப்போதாவது வேலை என்றால் நிழல்வலையும் ஒரு நல்ல பெடஸ்டல் விசிறியும் போதும். உரிமையாளர் ஒப்புக்கொண்டால் வெள்ளைப் பூச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங், பெயின்ட் வேலை என்றால் கூரையில் வெள்ளைப் பூச்சு, அடியில் ராக்வுல், சுவரில் வேலைக்கேற்ற எக்ஸாஸ்ட். ஏசி, கூலர் இரண்டையும் மறந்துவிடுங்கள்.

நாள் முழுக்க உட்கார்ந்து நுணுக்க வேலை செய்பவர்கள் முழு ஷெட்டையும் குளிர்விக்க நினைக்க வேண்டாம். ஒரு மூலையில் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் தடுத்து, தாழ்வான கூரை போட்டு, இன்சுலேஷன் கொடுத்து, அந்தச் சிற்றறைக்கு மட்டும் சிறிய ஏசி வையுங்கள். பசை, பேட்டரி, அளவுக்கருவிகளையும் அங்கேயே வைக்கலாம். தூசி வேலை வெளியே நடக்கட்டும். பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

காரும் பட்டறையும் ஒரே இடத்தில் என்றால் செலவே இல்லாத ஒரு வழியை விட்டுவிடாதீர்கள். ஓடி வந்த இன்ஜினில் தங்கியிருக்கும் சூடு ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் குறையாதது. உள்ளே நிறுத்தினால் அது முழுவதும் உங்கள் அறையில்தான் இறங்கும். வண்டியை ஒரு மணி நேரம் வெளியே ஆறவிட்டு, பிறகு உள்ளே விடுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செய்யாதீர்கள். கூரைக்கான வேலை முடிந்ததும் ஒரு வாரம் மதியம் இரண்டு மணி வெப்பத்தை உள்ளேயும் வெளியேயும் குறித்து வையுங்கள். உள்ளே இன்னும் வெளியைவிடச் சூடாக இருந்தால் அடுத்தது எக்ஸாஸ்ட். வெளியளவுக்கு இறங்கிய பிறகும் தாங்க முடியவில்லை என்றால் அப்போது கூலரா ஏசியா என்று பாருங்கள். எத்தனை டன் என்பதையும் அந்தப் புதிய அளவை வைத்தே கணக்கிடச் சொல்லுங்கள்.